வாய் மூடிய ஒரு படம்

அவள் முன்னால் வந்து நின்றவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றார்கள். எக்ஸ்ரே எடுக்கிறவள் முன்னால் வேறு எப்படி நிற்பது? சட்டையைக் கழற்று, மோவாயைத் தூக்கு, நெஞ்சைத் தகட்டோடு ஒட்டி வை, மூச்சைப் பிடி. தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு "விடுங்க" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகப் பெரிய மனிதர்களும் கன்னம் உப்பிக் காத்துக்கொண்டிருப்பார்கள். "ஊரையே வாயடைக்க வைக்கிற ஆளு நம்ம அம்மாதான்" என்று வார்டு சிப்பந்தி சொல்லிச் சிரிப்பான். அவள் சிரிக்க மாட்டாள்.

அண்ணன் வீட்டில் பின்கட்டு அறை அவளுடையது. கல்யாணப் பேச்சு அந்த வீட்டில் எப்போதோ நின்றுபோயிருந்தது. யாரும் நிறுத்தவில்லை. சாவி கொடுக்க மறந்த கடிகாரம் மாதிரி அதுவாக நின்றது. ஆஸ்பத்திரியில் யாராவது ஓய்வு பெற்றால் மாலையும் கையுமாக அவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது அவள் வேலை. அதற்காக வாங்கிய பழைய கேமரா ஒன்று அவளிடம் இருந்தது.

ஒருநாள் இடது கையில் இரண்டு விரல் வீங்கிய ஒருவன் வந்தான்.

"எப்படி ஆச்சு?"

"அடிச்சதுல."

"யாரை?"

"டிரம்மை."

விரலில் விரிசல் இருந்தது. ஈரம் காயாத ஃபிலிமை அவன் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தான்.

"அக்கா, இதை எனக்கே குடுத்துடுவீங்களா? நோட்டீஸ்ல போடணும். எங்க கச்சேரிக்கு."

"என்ன கச்சேரி?"

"பங்க்."

"பெட்ரோல் போடற இடத்துலயா?"

அவன் வீங்கின கையைப் பிடித்துக்கொண்டு வலியோடு சிரித்தான். "அது பாட்டுக்கா, கத்திப் பாடறது. நடக்கறது டயர் கடையில. எங்க மாமா கடை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மெஷின் ஓடாது. நாங்க ஓடுவோம். வந்து பாருங்க. காதுக்குப் பஞ்சு எடுத்துட்டு வாங்க, உங்ககிட்டதான் மூட்டை மூட்டையா இருக்குமே."

அவள் ஏன் போனாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு அவளிடம் வேறு உபயோகம் இல்லாதிருந்தது.

பழைய டயர்களுக்குப் புது மேல்தோல் ஒட்டுகிற கொட்டகை அது. மூன்று பக்கச் சுவரிலும் கூரை வரைக்கும் டயர்கள் அடுக்கியிருந்தன. சத்தத்தை அவை குடித்துவிடும். அதனால் தெருவிலிருந்து சண்டைக்கு யாரும் வருவதில்லை. தரையெல்லாம் கறுப்புத் தூள். கல்யாண வீட்டு மைக்செட் ஒன்று, கழுத்து உடைந்து கம்பி கட்டிய கித்தார் ஒன்று. அவன் டிரம்களில் பாதி பெயிண்ட் டப்பா. கும்பல் என்று பார்த்தால் ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம், அப்புறமும் உட்கார இடம் இருக்கும். தலைமுடியை அவர்களே வெட்டிக்கொண்டிருந்தார்கள். அது பார்த்தாலே தெரிந்தது. குழுவுக்குத் துரு என்று பெயர். டிரம் அடிக்கிறவன் டமாரம். பாடுகிறவன் தொண்டை.

தொண்டை ஒல்லி. குரல்வளை மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் துருத்திக்கொண்டு நிற்கும். வாரம் முழுக்க மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கேன் போடுகிறவன். கேமராவோடு ஒரு பெண் வந்து நிற்கிறாளே என்று அவனாகவே முன்னால் வந்தான்.

"எப்படி நிக்கணும்?"

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். "நேரா நில்லு. முதுகை டயரோட ஒட்டு. மோவாயைத் தூக்கு. மூச்சைப் பிடி."

பிடித்தான். அவள் அழுத்தினாள். அடுத்த படத்துக்கு ஃபிலிமைச் சுற்றிவிட்டு நிமிர்ந்தால், அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான். முகம் சிவந்துகொண்டு வந்தது.

"அக்கா, விடச் சொல்லுங்க" என்று டமாரம் கத்தினான். "நீங்க சொல்லாம விட மாட்டான். பிடிவாதம் பிடிச்ச சனியன்."

"விடு" என்றாள்.

விட்டான். அது ஒரு அலறலாக வெளியே வந்தது. கித்தார்க்காரன் அதையே பிடித்துக்கொள்ள, முதல் பாட்டு அப்படித்தான் தொடங்கியது. அன்றிலிருந்து அவள் அங்கே எக்ஸ்ரேக்கா.

ஓய்வு பெறுகிறவர்களின் ஃபிலிமை ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவுவதுதான் வழக்கம். இதைக் கொடுத்தால் ஸ்டூடியோக்காரர் ஆயிரம் கேள்வி கேட்பார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரி இருட்டறையிலேயே எக்ஸ்ரே மருந்தில் கழுவினாள். கதவைச் சாத்தியதும் கை தானாகப் போய்ச் சிவப்பு விளக்கைப் போட்டது. வருஷக்கணக்கான பழக்கம். எக்ஸ்ரே ஃபிலிம் அந்தச் சிவப்பைப் பொறுத்துக்கொள்ளும். கேமரா ஃபிலிமுக்கு அது உச்சி வெயில். சுருள் முழுக்கக் கரி பிடித்த மாதிரி கறுத்து வெளியே வந்தது. தொண்டை நின்ற படமும் அதோடு போயிற்று.

கெட்டுப்போன ஃபிலிமை அங்கே எறிய மாட்டார்கள். அதிலிருந்து வெள்ளி பிரிக்கிற ஆள் வந்து எடைக்கு வாங்கிப் போவார். பழுப்பு உறை ஒன்றில் போட்டுக் கழிவு அறையில், மற்றவர்களின் எலும்புகளோடு அதையும் வைத்தாள்.

அப்புறம் தவறவில்லை. விளக்கில்லாமல் விரலாலேயே கழுவப் பழகினாள். எக்ஸ்ரே மருந்து முரட்டு மருந்து. நடுவாந்தரச் சாம்பலை எல்லாம் தின்றுவிடும். வேர்வை வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் படங்கள் வந்தன. பையன்களுக்கு அது பிடித்துப்போயிற்று. "செத்த மாதிரியே இருக்கோம், பிரமாதம்க்கா" என்றார்கள். வெளியூரில் இதே மாதிரி குழு வைத்திருந்த யாரோ அந்தப் படங்களைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். துரு என்று ஒன்று இருப்பதே அவள் படங்களால்தான் நாலு பேருக்குத் தெரிந்தது.

ஃபிலிமைச் சிக்கனமாகச் செலவழித்தாள். தொண்டையின் வாய் முழுசாகத் திறக்கிற அந்த நொடிக்குக் காத்திருந்து அழுத்துவாள். உள்நாக்கு தெரியும். கழுத்து நரம்பு தெரியும். பாட்டு முடிந்து அவன் வாயை மூடும்போது அவள் ஃபிலிமைச் சுற்றிக்கொண்டிருப்பாள், அல்லது லென்ஸில் படிந்த ரப்பர்த் தூளைத் துடைத்துக்கொண்டிருப்பாள். மூடிய வாயைத்தான் வாரம் முழுக்கப் பார்க்கிறாளே.

"ஞாயித்துக்கிழமையும் டியூட்டியா?" என்று அண்ணி கேட்டாள்.

"ஆமா அண்ணி."

"ஆஸ்பத்திரின்னா டெட்டால்தானே மணக்கும்? உன் மேல டயர் மணக்குது."

அவள் புறங்கையை முகர்ந்து பார்த்தாள்.

"உங்க அண்ணனுக்கு மூக்கடைப்பு. அதனால பிழைச்சே" என்று சொல்லிவிட்டு அண்ணி தட்டை எடுத்து வைத்தாள்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. தொண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் வீட்டு ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தான். டயர் ஒன்றின் மேல் பலகை போட்டு உட்கார்ந்து, கத்தரியால் தன் முகத்தை ஒவ்வொரு படத்திலிருந்தும் வெட்டி எடுத்தான். தொட்டில் குழந்தை, அரைக்கால் சட்டைப் பையன், மாமா கல்யாணத்தில் இளித்துக்கொண்டு நிற்பவன். கண் இருக்கிற இடத்தில் கறுப்புக் காகிதம் ஒட்டி, பத்திரிகையில் குற்றவாளிகளைப் போடுகிற மாதிரி ஆக்கி, நோட்டீஸ் தாளில் வரிசையாகப் பசை தடவி ஒட்டினான்.

"உங்கம்மா பார்த்தா உன் தலையையே வெட்டும்டா" என்றான் டமாரம்.

"என் மூஞ்சி, நான் வெட்டறேன். யாருக்கு என்ன வந்தது?"

பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் வெளிச்சம் பட்டையாக வந்து கத்தரியில் விழுந்தது. அவள் தரையில் குந்தி, குனிந்த தலையும் கையும் கத்தரியும் வரும்படி எடுத்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்து மறுபடி எடுத்தாள். நோட்டீஸை நகல் எடுத்து ஊர்ச் சுவர்களில் ஒட்டினார்கள். அந்த வாரத்து மழை எல்லாவற்றையும் கரைத்து இறக்கியது. வெட்டின துண்டுகளை யாரும் எடுத்து வைக்கவில்லை.

அது நடந்தது ஒரு வேலை நாளில். நெஞ்சுச்சளிக்கு எக்ஸ்ரே எடுக்க வந்த பெரியவர் ஒருவரை நிறுத்தியிருந்தாள். "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். வெளியே சிவப்பு பல்ப் எரிவதையும் பாராமல் கதவைத் தள்ளிக்கொண்டு டமாரம் வந்தான். சட்டையில் இரத்தம் இருந்தது.

"அக்கா, தொண்டை போய்ட்டான்."

"எங்கே?"

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். "போய்ட்டான்க்கா. புறவழிச்சாலைத் திருப்பத்துல வண்டி கவுந்துடுச்சு. கேனெல்லாம் அவன் மேல."

கொஞ்ச நேரம் முன்னால் வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி போன சத்தம் அவளுக்குக் கேட்டிருந்தது. சக்கரம் ஒன்று கீச்சிட்டது. தன் கதவுப் பக்கம் திரும்பும் என்று நினைத்தாள். திரும்பவில்லை. செத்தவர்களை எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுவருவதில்லை.

"விடலாமாம்மா?" என்று தகட்டின் பக்கமிருந்து திணறிக்கொண்டு ஒரு குரல் கேட்டது. பெரியவர் இன்னும் பிடித்துக்கொண்டு நின்றார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், நோயாளிகளின் பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். முறை வந்தும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் போனபின் உள்ளே வந்தாள்.

"சீட்டு குடுங்கம்மா."

"சீட்டு இல்லைம்மா. எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை." சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "அங்கே அவனைத் தொண்டைன்னு கூப்பிடுவாங்களாமே. அவன் அம்மா நான். நீங்கதான் படம் எடுப்பீங்கன்னு அந்தப் பையன் சொன்னான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அம்மாள் உட்காரவில்லை.

"சுவத்துல மாட்ட ஒரு படம் வேணும். வாயை மூடின மாதிரி இருந்தாப் போதும்."

"வீட்ல...?"

"வீட்ல இருக்கறதுல எல்லாம் ஓட்டைம்மா. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவங்க அப்பா, நடுவுல ஆல்பத்து அட்டை தெரியுது. எப்ப வெட்டினான், ஏன் வெட்டினான்னு தெரியலை. அவன் போனப்புறம்தான் திறந்து பார்த்தேன்."

"லைசென்ஸ்ல இருக்குமே?"

"அதெல்லாம் எடுத்தாத்தானே."

மறுநாள் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து, நோயாளிகள் படுக்கிற மேஜையில் பரப்பினாள். அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"இதுல என்ன, பல்வலியா?"

"பாடறான்மா."

"இதுல?"

"பாடறான்."

"இதுல கீழே விழுந்து கிடக்கான்."

"விழுந்துட்டும் பாடுவான்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "யார் மேலம்மா இவ்வளவு கோபம் அவனுக்கு? வீட்ல ஒரு வார்த்தை பேச மாட்டான். தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், எழுந்து போவான். நானும் சாதுப்பிள்ளைன்னு நினைச்சேன்."

"கோபம் இல்லைம்மா. பாட்டே அப்படித்தான்" என்றாள். சொன்னது சரிதானா என்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மாளின் விரல் ஒரு படத்தில் நின்றது. குனிந்த தலை, கை, கத்தரி. ஷட்டருக்கு அடியிலிருந்து வருகிற வெளிச்சம். அதை எடுத்து வந்திருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது எங்க வீட்டு ஆல்பம்."

"ஆமாம்மா."

"நீங்க பக்கத்துலதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"ஏன்டா வெட்டறேன்னு ஒரு வார்த்தை கேட்கலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். வெட்டி முடித்தபின் வந்தேன் என்றிருக்கலாம். "வெளிச்சம் நல்லா இருந்ததும்மா" என்றாள்.

அம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாள் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மற்றவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக ஓரம் சேர்த்து அடுக்கினாள், துணி மடிக்கிறவளைப் போல.

"இத்தனையில மூடினது ஒண்ணுகூட இல்லையாம்மா?"

"இருக்கு" என்று வாய் சொல்லிவிட்டது. "தேடணும்."

கழிவு அறையில் மார்க்கூடுகளும் மண்டையோடுகளும் இடுப்பெலும்புகளும் இடுப்பளவு உயரத்துக்குக் கிடந்தன. வெள்ளிக்காரர் அந்த வாரம் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தரையில் உட்கார்ந்து உறை உறையாக எடுத்துப் பார்த்தாள். சிப்பந்தி எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா தேடறீங்க?"

"கெட்டுப்போனது ஒண்ணு."

"இங்கே எல்லாமே கெட்டுப்போனதுதானேம்மா" என்று சொல்லிவிட்டு, அவனும் உட்கார்ந்து தேடினான். கிடைத்தது அவன் கையில்தான்.

எக்ஸ்ரே அளவுக்கு மீறிக் கறுத்துவிட்டால் அதில் ஒளிந்திருப்பதைப் பார்ப்பதற்கென்று தனி விளக்கு ஒன்று உண்டு. கைக்குள் அடங்குகிற வட்டம், கண் கூசும். சுருளை அதன்மேல் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. சூட்டில் ஃபிலிம் சுருண்டது. தொடக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் வெளிறலாக வளையங்கள் தெரிந்தன. டயர்கள். ஃபிலிமில் எல்லாம் நேர்மாறு. டயர்களின் நடுவில், கறுப்பிலும் கறுப்பாக, முட்டை வடிவத்தில் ஏதோ ஒன்று.

வீட்டில் தன் அறை ஜன்னலுக்குக் கம்பளி போர்த்தினாள். படங்களைத் தாளில் அச்சிட வாங்கி வைத்திருந்த பெரிதாக்கும் கருவியில் இருக்கிறதிலேயே பெரிய பல்பைப் போட்டாள். வழக்கமாக வாய்க்குள் சின்னதாக எண்ணி முடித்துவிடுகிற நேரத்துக்குப் பதிலாக, நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கறுப்பைத் துளைத்துக்கொண்டு வெளிச்சம் தாளுக்கு இறங்க வேண்டும். முதல் தாள் வெறுமையாக வந்தது. அடுத்தது சேறு மாதிரி. தாளுக்கு மேல் தாள் வீணாயிற்று. மருந்துத் தட்டுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்த வேலைக்கு அது ஆகும்.

அண்ணி கதவைத் தட்டினாள். "சாப்பிட வரலையா? உள்ளே என்னதான் பண்றே?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணி."

"வெளிச்சம் விடாம உள்ளே வந்துக்கறேன்." வந்து பக்கத்தில் நின்றாள். தட்டில் ஒரு முகம் சாம்பலாக மேலே வந்துகொண்டிருந்தது.

"யாரு?"

"தெரிஞ்ச பையன்."

"ஆவி பிடிக்கற மாதிரி மங்கலா நிக்கறானே." கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருக்கானா?"

"இல்லை."

அவள் தாளை எடுத்துக் கழுவி உலரப் போடும்வரை அண்ணி கூடவே நின்றாள். டயர் வாசனையைப் பற்றி அதன்பிறகு ஒருநாளும் பேசவில்லை.

கண் வரவில்லை. மூக்குக்கு மேலே எல்லாம் புகை. முடி எங்கே முடிகிறது, டயர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் வாய் வந்திருந்தது. உதடு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, கோடு மாதிரி.

அம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"கண்ணு தெரியலையேம்மா."

"இவ்வளவுதான் வந்தது. நான் பண்ணின தப்பு. சிவப்பு விளக்கைப் போட்டுட்டேன்."

அது என்ன தப்பு என்று அம்மாளுக்குப் புரிந்திருக்காது. "பரவாயில்லை. வாய் மூடியிருக்கு" என்றாள். பிறகு, "இதோட ஃபிலிமையும் குடுத்துடும்மா. அந்தப் பசங்க கையில சிக்கினா இதையும் வெட்டி ஒட்டிடுவாங்க."

அவள் கத்தரியை எடுத்துச் சுருளிலிருந்து அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தாள். கத்தரிச் சத்தம் இருவருக்கும் கேட்டது.

டயர் கொட்டகையில் அதன்பிறகு கச்சேரி நடக்கவில்லை. டமாரம் மாமாவிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடியது. அவள் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, கையுறையோடு வெளியே வந்து, "தொண்டை அம்மா உங்களை வரச் சொன்னாங்கக்கா, படம் மாட்டியாச்சாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

போனாள். நுழைந்ததும் எதிர்ச் சுவரில் இருந்தது. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கண் இருந்தது, பெரிய நல்ல கண். முடி எண்ணெய் வைத்துப் பக்கவாட்டில் வகிடு எடுத்திருந்தது. குரல்வளையை மறைத்துக் காலர் வைத்த வெள்ளைச் சட்டை. டயர்கள் இருந்த இடத்தில் இளநீலம்.

"சைன்போர்டு எழுதறவர் ஒருத்தர் நீங்க குடுத்த படத்து மேலேயே வரைஞ்சு குடுத்தாரு" என்றாள் அம்மாள். "என்கிட்டே கேட்டுக் கேட்டுத்தான் போட்டாரு. இப்பத்தான் என் பிள்ளை மாதிரி இருக்கான்."

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். போர்டு எழுதுகிறவர் வாயை மட்டும் தொடவில்லை. அது அப்படியே புகையும் சாம்பலுமாக, அவள் எடுத்தபடியே இருந்தது. அழுத்தி மூடிய உதடு. இடது ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன மடிப்பு. சிரிப்பை உள்ளே அடக்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு விழுகிற மடிப்பு. கன்னம் அப்போதுதான் உப்ப ஆரம்பித்திருந்தது. அடுத்த நொடி என்ன வந்தது என்பது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

"எவ்வளவு சாந்தமா இருக்கான் பாருங்க" என்றாள் அம்மாள். "அப்ப என்ன நினைச்சிட்டு நின்னானோ."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலைம்மா" என்றாள்.

அம்மாள் சேலைத் தலைப்பால் படத்துக் கண்ணாடியை ஒருமுறை துடைத்தாள். வாய் இருக்கிற இடத்தைத் திரும்பவும் துடைத்தாள். அந்த மங்கல் வெளியே இருக்கிற தூசி என்று நினைத்தாள் போலிருக்கிறது.